70 வளைவும் ஒரு அட்டவணையும்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு. வயிற்றைப் புரட்டும்போது '38 தாண்டியாச்சு' என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். யாராவது நம்பர்களை மாற்றிவிட்டால்?

மலையில் மிளகு விற்கும் நண்பருக்கு அதுதான் நடந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவர் மிளகுப் பக்கத்தின் முகவரியை மாற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பாக்கெட்டில் அச்சடித்திருந்ததோ பழைய முகவரி. தட்டியவர்களுக்கெல்லாம் 404.

நல்லவேளை, அது ஜாங்கோவில் எழுதியது. 2005-ல் வெளியான இந்தச் சமாசாரத்தில் 'ரீடைரக்ட்ஸ்' என்று ஒரு டேட்டாபேஸ் அட்டவணை வைத்துக்கொள்ளலாம். பழைய முகவரி, புது முகவரி, அவ்வளவுதான். புரோகிராமைத் தொடாமல் அட்மின் பக்கத்திலேயே நிரப்பலாம். கேட்ட பக்கம் கிடைக்காதபோது மட்டும் அட்டவணையைப் பார்த்து, 301 சொல்லிப் புது இடத்துக்கு அனுப்பிவிடும். புது முகவரியைக் காலியாக விட்டால் 410: 'இருந்தது, போய்விட்டது'. (மறைந்த தாத்தாக்களைத் தேடி வரும் தபாலுக்கும் இது சரிப்படும்.)

நண்பருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு எச்சரிக்கை மறந்துபோனது. 'சேவ்' அழுத்திய கணமே அமலுக்கு வந்துவிடும். சரிபார்க்க நடுவில் ஆள் கிடையாது.

இறங்கும் பஸ்ஸில், 43-ஆம் வளைவில் போன்.

"சார், தேன் பக்கம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க!"

'தேன்' வந்தால் 'மலைத்தேன்' போ, 'மலைத்தேன்' வந்தால் 'தேன்' போ என்று ரெண்டு வரி போட்டிருக்கிறார். ரெண்டுக்கும் பக்கமே இல்லை!

"முதல்ல ஒரு வரியை அழிங்க" என்றேன். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.