துணியின் குறையைச் சொல்லும் கல்வி



"தையல் கற்றுக்கொள்ள மூன்றாண்டுப் பட்டப்படிப்பு எதற்கு?" எங்கள் மகள் நெசவு மற்றும் ஆடை வடிவமைப்பை இளநிலைப் பாடமாகத் தேர்ந்தெடுத்த நாள் முதல் உறவினர்கள் எங்களிடம் கேட்டுவரும் கேள்வி இது. இப்போது அவள் முதுநிலை முடித்து, ஆராய்ச்சியும் செய்து, கல்லூரி ஆசிரியராக விரும்புகிறாள். கேள்வியும் கூர்மையாகிவிட்டது: வரன்கள் வரும் வயதில் இது தேவையா? கணவனும் மனைவியுமாக நாங்கள் பல இரவுகள் இதைப் பேசினோம். எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த எண்ணங்கள், இதே கேள்வியை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் வாழும் மூக்கண்டப்பள்ளி, ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஊர். கர்நாடக எல்லை சில கிலோமீட்டர் தொலைவில்தான். ஃபஜ்ர் தொழுது வீடு திரும்பும் நேரத்தில், கார்மெண்ட்ஸ் கம்பெனிகளின் பேருந்துகள் பெண்களை ஏற்றிச் செல்வதைக் காண்கிறோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அந்தப் பேருந்துகளில் ஒன்றாக ஒலிக்கும். அவர்களது உழைப்பு ஹலாலானது, கண்ணியமானது. ஆனால் துணித்தொழில் என்றாலே தையல் இயந்திரமும், மணிக்கு எத்தனை உருப்படி என்ற கணக்கும் மட்டுமே நம்மவர் மனத்தில் எழுகின்றன. துணியைப் பற்றி ஓர் அறிவியல் உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தி.

எங்கள் குடும்பத்துக்கு அது முற்றிலும் புதியதன்று. எங்கள் பாட்டனார் மேலப்பாளையத்தில் கைத்தறியில் கைலி நெய்தவர். பாவுநூலை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார் என்று வாப்பா கூறக் கேட்டிருக்கிறோம். அந்த அறிவு அவருடைய விரல்களோடு போய்விட்டது. விரல் அறிந்ததை அளவாக மாற்றி, எவரும் சரிபார்க்கும்படி எழுதிவைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வேலையைத்தான் இன்று கல்லூரித் துறைகள் செய்கின்றன.

மகள் பாடம் சொல்லும்போது எங்களை முதலில் நிறுத்தியது ஈரத்தைப் பற்றிய கணக்கு. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். ஆகவே ஒரே நூல் மழைக்காலத்தில் ஓர் எடையும் கோடையில் வேறோர் எடையும் காட்டும். நூலோ எடைக்குத்தான் விற்கப்படுகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வணிக உலகம் ஓர் அளவை ஏற்றுக்கொண்டிருக்கிறது: முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்திக்கு 8.5 கிலோ ஈரம் இயல்பானது; ஆக, விற்பனைக்குரிய எடை 108.5 கிலோ. நூற்பின்போது இழந்த ஈரத்தை நீராவியால் மீட்பது முறையானதே. அதற்கு மேலும் ஈரம் ஏற்றி 111 கிலோவாக விற்றால், இரண்டரைக் கிலோ தண்ணீர் நூலின் விலைக்கு விற்கப்படுகிறது. இதனால்தான் இந்தியச் சோதனைக்கூடங்கள் 27 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் மாதிரிகளை வைத்திருந்து, அதன் பிறகே அளக்கின்றன.

இதைக் கேட்டபோது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்வு எங்கள் இருவருக்கும் நினைவில் எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். குவியலுக்குள் கை நுழைத்துப் பார்க்கும் அந்தச் செயலைத்தான் துணிச் சோதனைக்கூடம் கருவிகளைக் கொண்டு செய்கிறது. அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் ஓர் அத்தியாயமே திருமறையில் இருக்கையில், அளக்கக் கற்பது சிறிய கல்வியாகுமா?

குறையைக் கண்டறிவதற்கும் ஒழுங்கான முறை உண்டு. நான்கு புள்ளி முறை என்று அதற்குப் பெயர். துணியை விளக்கொளியில் ஓடவிட்டு, மூன்று அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி, ஆறு வரை 2, ஒன்பது வரை 3, அதற்கு மேல் 4 எனக் குறித்துக்கொண்டே வருவார்கள். 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளிக்கு மேற்பட்டால் அந்தத் துணியைத் திருப்பிவிடுவது பொதுவான வழக்கம்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகராகவும் இருந்தார்கள் என்பதை நாம் அறிவோம். குறையுள்ள ஒரு துணியைத் தம் கூட்டாளியான ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் கொடுத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடும்படி இமாம் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். குறையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கண்ணைப் பயிற்றுவிப்பவரே இத்துறையின் ஆசிரியர்.

மார்க்கச் சட்டத்துக்கும் இந்த அறிவு துணைநிற்கிறது. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. பட்டும் வேறு நூலும் கலந்த துணி என்றால்? ஹனஃபி சட்டத்தில் ஊடை எந்த நூல் என்பது கவனிக்கப்படுகிறது. ஷாஃபிஈ சட்டத்தில் எடையில் எது மிகுதி என்பது கவனிக்கப்படுகிறது. பாவு எது, ஊடை எது என்று பிரித்தறியவும் கலவையின் விகிதத்தைக் கணக்கிடவும் தெரிந்தவரிடம் கேட்காமல் இதற்கு விடை காண்பது கடினம்.

சென்ற ஆண்டு மகளின் தாய்மாமன் மகனுடைய நிகாஹ்வுக்கு, 'பட்டுச் சட்டை' என்று சொல்லப்பட்ட ஒன்றை வாங்கி வந்தார்கள். அணியலாமா கூடாதா என்று வீட்டில் விவாதம் எழுந்தது. மகள் உள் தையலிலிருந்து இரண்டு நூலைப் பிரித்தெடுத்துத் தீக்குச்சியில் காட்டினாள். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். அந்த நூலோ உருகி, நசுக்க முடியாத கடினமான மணியாக உறைந்தது. "பாலியஸ்டர்தான் மாமி, மச்சான் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றாள். "போட்டுக்கொள்வது சரி, பட்டு விலை கொடுத்தோமே!" என்றார் மாமி. ஒரு தீக்குச்சி மார்க்கக் கேள்விக்கும் விலைக் கேள்விக்கும் ஒருசேர விடை சொல்லிவிட்டது.

ஆராய்ச்சி எதற்கு என்பதற்கு நம் மாநிலத்திலேயே கசப்பான விடை இருக்கிறது. பருத்திக்குச் சாயமேற்றப் பெருமளவு உப்பு தேவைப்படுகிறது. துணியில் ஒட்டாத சாயமும் உப்பும் கழிவுநீரோடு வெளியேறுகின்றன. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. விவசாயிகள் ஏற்கெனவே நிலத்தை இழந்திருந்தனர். தொழிலாளர்களும் வேலையின்றித் தவித்தனர். வாங்குபவரிடம் மறைத்த குறை மட்டுமன்று, அண்டை வயலில் கொட்டிய குறையும் மறுமையில் கேட்கப்படும். உப்பைக் குறைத்துச் சாயமேற்றும் வழியைத் தேடுபவர் பிறருடைய ஹக்கைக் காக்கும் பணியில் இருக்கிறார்.

ஆராய்ச்சிக்கூடங்களும் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. பட்டுப்புழு இனங்களையும் முசுக்கொட்டை வகைகளையும் பாதுகாக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் ஓசூரிலேயே இயங்குகிறது. கோவையில் 1956 முதல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகமும், சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. நம் கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளைத் தன் எல்லைக்குள் கொண்ட பெரியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித்துறை இருக்கிறது. எங்கள் மகள் சேர விரும்புவது அங்கேதான். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் மனையியல் பாடத்தின் கீழ் இவ்வியல் இடம்பெறுகிறது என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

உறவினர்களின் தயக்கத்தை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. "ஃபேஷன் என்ற பெயரில் வெட்கத்தைக் கற்றுத்தராத உடைகளை வரையச் சொல்வார்களே" என்று மகளின் பெரியவாப்பா கவலைப்பட்டார். திருமறையின் ஏழாம் அத்தியாயம், உடலை மறைக்கும் ஆடையையும் அலங்காரத்தையும் இறையச்சம் என்னும் ஆடையையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது. எதை வடிவமைப்பது என்ற தெரிவு படித்தவள் கையில் இருக்கிறது. வியர்வையை வெளியேற்றும், ஒளி ஊடுருவாத, ஏழைக்கும் எட்டும் விலையிலான புர்காத் துணி வேண்டும் என்று நாம் விரும்பினால், அதை ஆராய நம் பெண்களும் அங்கே இருக்க வேண்டாமா?

விடுதி, பயணம், செலவு ஆகியவற்றையும் பேசினோம். முதுநிலைக்கு இரண்டாண்டு. வரன் பேச வருவோரிடம் படிப்பு தொடரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். துணியின் குறையை மறைக்கக் கூடாது என்று கற்றவளின் பெற்றோர், அவளுடைய விருப்பத்தை மறைத்து நிகாஹ் பேசுவது பொருந்தாது. இதனால் ஒரு வரன் விலகிச் சென்றது. வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. நல்லதை அல்லாஹ் அறிவான்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். சேர்க்கைக்கு முன் கல்லூரிக்கு நேரில் சென்று, தையல் கூடத்தோடு சோதனைக்கூடமும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள கருவிகளை மாணவிகளே கையாளுகிறார்களா என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். பிறகு உங்கள் பிள்ளையிடம் அமர்ந்து பேசுங்கள்.

இன்ஷா அல்லாஹ், மகள் வரும் கல்வியாண்டில் சேலம் செல்கிறாள். அவளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்க உங்கள் துஆக்களில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.