உப்பு விளையும் வெயில்

தில்லியில் ஜனவரி மாதம் பகல் 12 மணிக்குச் சூரியன் முகம் காட்டினால் அது ஒரு விசேஷம். அரசுக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளுக்கும் புல்தரைகளுக்கும் கட்டில்கள் வந்துவிடும். ஆரஞ்சுத் தோலும் நிலக்கடலைத் தோலும் குவியும். வெயில் நகர நகரக் கட்டிலும் நகரும். 31 வருடம் நானும் அப்படிக் கட்டிலை நகர்த்தியவன்தான். மூடுபனி விலகாத வாரங்களில் என் மனைவியால் காலையில் விரல்களை மடக்க முடியாது. ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் எங்கள் இருவருக்குமே வைட்டமின் டி குறைவு என்று சொல்லி, வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். சூரியனுக்குக் கோயில் கட்டிய நாட்டில் நாங்கள் அதைப் பாக்கெட்டில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஓய்வு பெற்றதும் எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, மகளும் மனைவியும் ஒரே குரலில் பெங்களூர் என்றார்கள். 900 மீட்டர் உயரம், மின்விசிறி இல்லாமலே தூக்கம், நல்ல டாக்டர்கள், எல்லாவற்றுக்கும் மேல் பேரக் குழந்தை. மறுத்துப் பேச என்னிடம் நியாயமான காரணம் ஒன்றுமில்லை. ஆனால் ஜூன் முதல் அந்த ஊர் வானம் மூடிக்கொள்ளும் நாட்களில் எனக்குப் புத்தகம் படிக்கக்கூடத் தோன்றுவதில்லை. மதியமே விளக்குப் போட வேண்டிய வீட்டில் இருந்தால், யாரோ என்மேல் கோபமாக இருப்பதுபோல ஒரு கலக்கம். எனக்கு வெயில் பிடிக்கும். இதைச் சொன்னால் தமிழர்கள் சிரிக்கிறார்கள். ஊட்டி பிடிக்கும் என்றால் யாரும் சிரிப்பதில்லை.

என் மனதில் இருந்த ஊர் தூத்துக்குடி. 1986-ல் ஓர் அலுவலாக அங்கே எட்டு மாதம் தங்கியிருக்கிறேன். அந்த வெளிச்சம் போல வேறெங்கும் பார்த்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை அந்தப் பக்கமே பிழிந்துவிடுவதால், மலையைத் தாண்டி வரும் காற்று வெறும் வறட்டுக் காற்று. கேரளம் நனைந்து கிடக்கும் ஜூலையில் தூத்துக்குடியில் புழுதி பறக்கும். ஆண்டு மழை சுமார் 65 செ.மீ. சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும்.

"ஒரு தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்காவிட்டால் பெங்களூர்தான்" என்று மனைவியைச் சம்மதிக்க வைத்து, சென்ற ஏப்ரலில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். "டிசம்பரில் கூட்டிப் போய் ஏமாற்றப் பார்க்காதீர்கள்."

வியர்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடற்கரை ஊர், காலை எட்டரைக்கே சட்டை முதுகில் ஒட்டியது. ஆனால் தில்லியின் மே மாத வெப்பக் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல முகத்தில் அறையும். ராத்திரியிலும் சுவர் சுடும். இங்கே மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று ஏறிவிடுகிறது. ஐந்து மணிக்கு ஊர் இரண்டாம் முறை விடிந்ததுபோல எழுந்துகொள்கிறது. பரோட்டாக் கடைகளில் கல் காய, துறைமுகப் பக்கம் லாரிகள் நகர, பேக்கரிகளில் மக்ரூன் எடை போடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்தச் சுருள் கூம்பு ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துப் போகும். தில்லிக்கு வாங்கிப் போனது ஆகஸ்டில் ஒருநாள்கூடத் தாங்கியதில்லை.

இந்த ஊரின் பெரிய வேடிக்கை, இதன் காவல் தெய்வம் பனிமய மாதா என்பது. ரோமாபுரியில் ஒரு ஆகஸ்ட் மாதக் கோடையில் குன்றின்மேல் பனி பெய்ததாக வழங்கும் புராணத்திலிருந்து வந்த பெயர். 1713-ல் எழுந்த இந்தக் கோயில் 1982-ல் பசிலிக்கா ஆனது. ஆண்டுதோறும் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா. பனியைக் கண்ணால் பார்த்திராத லட்சக்கணக்கானவர்கள், பரதவர்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தாரும், உச்சி வெயிலில் பனியின் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் காலை உப்பளம் பார்க்கப் போனோம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துடையது. கடல்நீரையோ, போர் போட்டு எடுக்கும் உவர்நீரையோ தெப்பங்களில் நிறுத்தி வெயிலில் காய விடுகிறார்கள். இங்கேயும் டிகிரிக் கணக்குதான். ஆனால் வெப்பத்துக்கல்ல, நீரின் கரிப்புக்கு. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. சுண்டச் சுண்ட ஏறி 24, 25 டிகிரிக்கு வரும்போது பாத்திக்குத் திருப்பினால் உப்பு பூக்கத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும்; அந்த நீரை வெளியே விட்டுவிட வேண்டும். வெயிலும் வறட்டுக் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒரு கோடை மழை போதும், பல நாள் உழைப்பு கரைந்துவிடும்.

ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலே ஒரு சூரியன், பாத்தியில் ஒரு சூரியன். வாருபலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே வந்துவிட்டார்களாம். இளைப்பாற உட்கார்ந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டாள். தில்லியை விட்டு இங்கே குடிவரப் பார்க்கிறோம், எனக்கு இந்த வெயில் பிடிக்கும் என்று உளறி வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "வெயிலு இல்லன்னா உப்பு ஏது அண்ணாச்சி? பிடிக்கும்னு சொல்லுதிய, சரி. எத்தன மணிக்கு வீட்டுக்குத் திரும்புவிய?"

எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவி அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காலைக் காட்டச் சொன்னாள். குதிகால் முழுக்க வெடிப்பு. கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து போடுகிறாளாம். தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "குடிச்சா ஒதுங்க எடம் வேணும்லாக்கா" என்றாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை. ஒரு மரம் இல்லை. மழைக்காலம் வந்தால் இந்த வேலையும் கிடையாது. அரசாங்கம் கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அந்த மாதங்களுக்கு எவ்வளவு தூரம் வரும் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி சொன்னாள்: "உங்களுக்குப் பிடித்தது வெயில் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிகிற வெயில்." மறுப்பதற்கில்லை. காலை ஒன்பது வரை, மாலை ஐந்துக்கு மேல், நடுவில் மின்விசிறியும் மோரும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

மாலையில் ஒரு வீடு பார்த்தோம். கீழ்த்தளத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளையடித்தும் மறையவில்லை. 2023 டிசம்பர் மழையில் நின்ற தண்ணீர் என்றார் வீட்டுக்காரர். அப்போது இதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. ஒரு வருடத்துக்கு வர வேண்டியதைவிட அதிகம், ஒரே நாளில். குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. வறண்ட ஊர் என்று நான் தில்லியில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு அந்தக் கோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மனைவி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். விரல்கள் நன்றாக மடங்கி விரிந்தன. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

"மாடிப் போர்ஷன் காலியாகுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். ஜூனில் காலியாகும் என்றார். "அப்படியென்றால் ஒரு வருடம் பார்க்கலாம். மே மாதம் மட்டும் நான் பெங்களூரில் இருப்பேன்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னவள், மறுபடி அவரிடம் கேட்டாள்: "மொட்டை மாடி எங்களுக்குச் சேருமா? வடாம் காயப் போடணும்."