கூரியரில் போகாத கவுனி

கவுனி அரிசியை ஒருமுறை அலசி ஊறப்போட்டால் போதும், சற்று நேரத்தில் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி ஆகிவிடும். அடுப்படிக்குப் புதிதாக வந்தவர்கள் அதை அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டப் போவார்கள். காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாம் போய் நின்றபோது நடந்ததும் அதுதான். குண்டானைச் சாய்க்கப்போன பெண்ணின் கையை மூத்தவர் எட்டிப் பிடித்தார். “ஏத்தா, அதுதான் நெறமே! அதைக் கொட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு?”

மறுநாள் காலை ஒரு கல்யாணம். ஐந்து கிலோ கவுனி இனிப்புக்குச் சொல்லியிருந்தார்கள். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் காலைப் பலகார இலையில் இட்லிக்கும் வடைக்கும் பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கரண்டி கவுனி விழ வேண்டும். அது இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஊருக்குப் போய்ப் பேசுவார்கள்.

இந்த அரிசிக்குத் தவிடு நீக்குவதில்லை. நிறம் முழுக்க அந்தத் தவிட்டில் இருக்கிறது. கத்திரிக்காய்த் தோலுக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தருகிற அந்தோசயனின் என்ற சாயம்தான் இதிலும் இருக்கிறது, அது தண்ணீரில் கரையும். அதனால் ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கிறார்கள். தவிட்டுத் தோல் தடிப்பு என்பதால் ராத்திரி முழுக்க ஊறினால்தான் அரிசி இளகும். உள்ளே இருக்கும் மாவுச்சத்தோ ஒட்டும் இனம், குழைந்தால் பசையாகச் சேர்ந்துகொள்ளும். வீட்டில் ஒரு ஆழாக்குப் போடுகிறவர்களுக்குக் குக்கர் போதும். இங்கே விறகடுப்பும் பெரிய அண்டாவும்தான்.

விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றியது. அரிசி நன்றாக மலர்ந்து, விரலால் நசுக்கினால் நடுவில் பருக்கை தட்டாத வரை சர்க்கரைப் பக்கம் யாரும் போகவில்லை. இதில் சமையல் மாஸ்டர் கறார். சர்க்கரை முன்னாலேயே விழுந்தால் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் அரிசி வேகாது. வெந்த பிறகு மரத்துடுப்பால் மசித்து, கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, துருவிய தேங்காய், நெய், ஏலப்பொடி. அரிசி பாதி மசிந்து பாதி முழுசாக இருக்க வேண்டும் என்பது மாஸ்டர் கணக்கு. மிக்ஸியில் அடித்து வழவழவென்று தருகிறவர்களும் உண்டு. நம் வாக்கு மாஸ்டருக்குத்தான்.

சர்க்கரை விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. அண்டாவின் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பெண்கள் மாற்றி மாற்றித் துடுப்புப் பிடித்தார்கள். புகை, சூடு, தோள்வலி. ‘ஆச்சி கைப்பக்குவம்’ என்று வெளியூர்க்காரர்கள் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ஆச்சிமாரின் நாக்கும் அளவும் இல்லாமல் இந்தச் சமையல் இல்லை என்பது சரி. ஆனால் துடுப்பைப் பிடிக்கும் கை பல வீடுகளில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற கூலிக்காரப் பெண்ணுடையது. எந்தச் சமையல் நிகழ்ச்சியும் அவளிடம் மைக்கை நீட்டுவதில்லை.

இந்த அரிசி பர்மாவிலிருந்து வந்த கதை நீளமானது. 1852 இல் கீழ்ப் பர்மா முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஐராவதி டெல்டாவின் காட்டைத் திருத்தி நெல் போட உழவர்களுக்குக் கடன் வேண்டியிருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனிலும் மோல்மேனிலும் சிற்றூர்களிலும் வட்டிக்கடை வைத்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் அடையவில்லை, அடமான நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கசப்பும் இந்தக் கதையில் சேர்த்தி, செட்டிநாட்டு மாளிகைகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 1942 இல் ஜப்பானியப் படை நுழைந்தது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பினார்கள். 1948 இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் போயிற்று, கடை போயிற்று. நாக்கில் ஏறிய அரிசி மட்டும் இங்கே தங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டு வயல்களிலேயே கறுப்புக் கவுனி விளைகிறது.

பர்மாவில் இந்த அரிசியை ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் எள்ளும் உப்பும் தூவிக் காலையில் சாப்பிடுகிறார்கள். மலேசியாவில் அதுவே ‘புலுட் ஹீத்தாம்’, கஞ்சியாகக் காய்ச்சி மேலே தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். நெய்யைச் சேர்த்து அல்வாவுக்கு அருகில் கொண்டுபோனது செட்டிநாட்டு அடுப்படி.

ரங்கூன் புட்டும் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. நெய்யில் வறுத்த ரவை, வெல்லப்பாகு, தேங்காய், முந்திரி. புட்டு என்று பெயரே தவிர புட்டுக்குழலுக்கு அங்கே வேலை கிடையாது. எளிதாக முடிகிற இனிப்பு, அதனால் வீடுகளில் அடிக்கடி நடக்கும்.

கும்மாயம் அப்படியல்ல, கடல் தாண்டாத பழைய சரக்கு. மணிமேகலையிலேயே பயற்றுக் கும்மாயம் வருகிறது. செட்டிநாட்டில் ஆடி மாதத்துக்குரியது. உளுந்தும் அதோடு கொஞ்சம் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வாசம் வர வறுத்து அரைத்த மாவை, கரைத்து வடிகட்டிய கருப்பட்டிப் பாகில் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். நெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது இறக்க வேண்டும். வெல்லத்தில் செய்தால் நிறம் வெளுப்பு, ருசி ஒரு படி கீழே. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் உண்டு. இன்னும் தெற்கே கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ரமலான் மாலைக்குக் கடல்பாசி காய்ச்சிப் பாலூற்றி உறையவிடுவார்கள். முட்டையும் பேக்கிங் அடுப்பும் இல்லாமல் இத்தனை வகை.

இப்போது கறுப்புக் கவுனிக்குத் திடீர் மவுசு. சர்க்கரை நோய்க்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள். கஞ்சியாகக் குடித்தால் தவிடும் நாரும் உடம்புக்குச் சேரும், மறுக்கவில்லை. ஆனால் கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை கொட்டி நெய்யில் மிதக்கவிட்ட பண்டத்தை மருந்து என்று சொல்லி இரண்டாவது கரண்டி வாங்குவது யாரை ஏமாற்ற?

விலை ஏறினாலும் துடுப்புப் பிடிக்கிறவர்களுக்கு அதில் பெரிய பங்கு வருவதில்லை. காரணம், இந்தப் பண்டம் பயணம் போகாது. அதிரசம், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் டப்பாவில் அடைபட்டுச் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் கூரியரில் போகின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான் பலகாரக் கடைகளுக்கு வருமானமே அந்த டப்பாக்கள்தான். கவுனியில் பச்சைத் தேங்காய் இருக்கிறது, வெளியே வைத்தால் ஒரு நாள் தாங்குவதே பெரிது. குளிர்பெட்டியில் வைத்தால் ஒட்டுமாவு இறுகிக் கட்டையாகிவிடும். ஆகவே கல்யாண முகூர்த்தம் இருந்தால் வேலை, இல்லாத மாதங்களில் முறுக்கு பிழியப் போக வேண்டும் என்றார் மூத்தவர்.

வெளியூர்க்காரர்கள் கானாடுகாத்தானில் மாளிகை பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு வந்து கவுனி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்காது. காரைக்குடி போவதாக இருந்தால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் தெரிந்த சமையல்காரரிடம் அளவு சொல்லி, பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். காலையில் சூட்டோடு வாங்கி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கிலோ விலையில் பேரம் பேசாதீர்கள். விறகும் தேங்காயும் நெய்யும் போக, கிண்டியவர்களுக்கு மிஞ்சுவது அந்தக் கடைசி இருபது ரூபாய்தான்.