சுழியும் பெருக்கலும்

"எத்தனை நாள் தாங்கும் சார்?"

ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்ததும் வருகிற முதல் கேள்வி இது. மதுரையில் பதினெட்டு வருடமாக நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். ராஜபாளையமோ, லேப்ரடாரோ, தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்த நாட்டு நாயோ, கேள்வி மாறுவதில்லை. முன்பெல்லாம் பத்து நாள், ஒரு மாசம் என்று ஏதாவது சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

ஒரு சிப்பிப்பாறை நாய்தான் அதை நிறுத்தியது. சிறுநீரகம் கெட்டிருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்திருக்கும். அதுவரை நாய் வாசலில் குரைத்துக்கொண்டுதான் திரியும். வாயில் மூத்திர வாடை அடித்து, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "காசு பாக்காதீங்க சார், ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். ஒன்பது நாள் டிரிப்ஸ் ஏற்றினேன். தேறாது என்று ஐந்தாம் நாளே தெரிந்துவிட்டது; சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், என் இரும்பு மேசையில் அது செத்துப்போனது. "நான் இல்லாதப்பவா போச்சு?" என்று மட்டும் கேட்டார். மிச்ச நாலு நாளும் என் தயக்கத்தின் கணக்கில் சேர வேண்டியவை.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்; கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் வீட்டுக் கவனிப்பைத் தொடரலாம். கூட்டல் கணக்கு நம் வீடுகளில் நிற்காது என்று கண்டுகொண்டேன். அதனால் ஏழாவது கேள்வியை மட்டும் எடுத்து மாதக் காலண்டரில் ஏற்றிவிட்டேன். நல்ல நாளுக்குச் சுழி, கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. எது நல்ல நாள் என்று வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் வால் ஆடுகிறதா, தானாக எழுந்து தோட்டத்துக்குப் போகிறதா, அவர்களுக்குத்தான் தெரியும்.

குறி போடும் நாட்களில் செய்ய வேலை இருக்கிறது. சில நாய்களுக்குத் தோலுக்கடியில் நீர் ஏற்ற வீட்டிலேயே கற்றுக்கொடுப்பேன். பையை வெதுவெதுப்பான நீரில் வைத்தெடுத்து ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும். பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். முதுகில் வீங்கும் கட்டி சில மணி நேரத்தில் வற்றிவிடும். வலி என்று மனிதர் விழுங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் ரத்தம் கசியும், இருக்கிற சிறுநீரகமும் போகும்.

சுழியைவிடப் பெருக்கல் கூடிவிட்டால் கடைசி ஊசியைப் பற்றிப் பேச்செடுப்பேன். "ஊசி போட்டுக் கொன்னா பாவமில்லையா?" என்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை. வலிக்கு மருந்து கொடுத்துக் கூடவே இருப்பேன். செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயும் அதில் நிற்கிறது. கள்ளனைக் கடித்துக் காவல் காத்ததற்காக. காத்த நாய்க்குக் கடைசியில் நாம் காவல் நிற்கிறோம். எப்போது கதவைத் திறந்துவிடுவது என்பதும் அந்தக் காவலில் அடக்கம்.

சம்மதித்தால் நானே வீட்டுக்குப் போவேன். முதலில் மயக்க ஊசி, நன்றாகத் தூங்கியபின் நரம்பில் மயக்க மருந்தின் மிகை அளவு. முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லிவிடுவேன்: கண் மூடாது, சிறுநீர் கழியலாம், இதயம் நின்றபின்னும் ஓரிரு மூச்சு வரலாம். சொல்லாவிட்டால் உயிர் இருக்கும்போதே புதைத்துவிட்டோமோ என்று வருடக்கணக்கில் உறுத்தும். மருந்து ஏறிய உடலை வேறு பிராணி தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. குழி ஆழமாக வேண்டும். பிள்ளைகளிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

போன மாசம் ஒத்தக்கடையில் ஒரு வீடு. காலண்டரில் பத்து நாளாகப் பெருக்கல். அன்றைய கட்டத்தில் மட்டும் சுழி. காலையில் பாதி இட்லி தின்றதாம். "கூப்பிட்டது தப்பாயிருச்சோ சார்?" என்று அந்தம்மா கலங்கினார்.

வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு முழுக்கப் புண்.

"சுழியிலயே முடியட்டும்மா" என்றேன்.

தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.