கடலுக்குத் திறந்த சுவர்

நிலத்தைக் காக்கக் கட்டிய சுவரை மனிதர் தாமே உடைத்து, கடலை உள்ளே வரவிடுவார்களோ? அப்படிச் செய்த ஓர் இடம் இங்கிலாந்து தேசத்தில் உண்டு. லண்டனுக்குக் கிழக்கே, எசெக்ஸ் மாவட்டத்தில், க்ரௌச், ரோச் என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வாலசீ தீவே அது.

முற்காலத்தில் இத்தீவும் இதன் சுற்றுப்புறமும் ஓதம் ஏறி இறங்கும் உவர்ச்சதுப்பாயிருந்தன. பின்வந்தோர் சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, நீரை வடித்து, வயல்களாக்கினர். நானூறு ஆண்டுகளுக்கு முன் எசெக்ஸ் கரையில் சுமார் 30,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு, இன்று 2,500 ஹெக்டேர் அளவில் குறைந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

ஆனால் வடித்த நிலம் காய்ந்து சுருங்கித் தாழ்ந்தது. சுவருக்கு வெளியே எஞ்சிய சதுப்போ, ஒவ்வொரு ஓதமும் விட்டுச்சென்ற வண்டலால் உயர்ந்தது. கடல்மட்டமும் ஏறிற்று. ஆகவே உள்ளே இருந்த வயல்கள், உயர் ஓதத்தின் மட்டத்துக்குக் கீழே கிடந்தன. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கிச் சுவர்களை உடைத்தபோது, இங்கிலாந்தில் மாத்திரம் 307 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் எசெக்ஸ் கரையைச் சேர்ந்தவர்கள்.

வேறு துறைமுகப் பணிகளால் அழிந்த சதுப்புக்கு ஈடாக, 2006-இல் அரசாங்கம் வாலசீயின் வடசுவரை உடைத்து 115 ஹெக்டேரைக் கடலுக்குத் திறந்தது. அடுத்த பகுதியை அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஏற்றது. தாழ்ந்த நிலத்தை அப்படியே திறந்திருந்தால், செடி முளைக்க இயலாத ஆழ்ந்த நீர்ப்பரப்பே உண்டாகியிருக்கும். எனவே முதலில் நிலத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. அதே காலத்தில் லண்டனுக்கு அடியில் புதிய ரயில் சுரங்கம் தோண்டப்பட்டு வந்தது. அம்மண்ணில் 30 லட்சம் டன் கப்பல்களில் இங்கே வந்து சேர்ந்தது. மேடும் பள்ளமும் ஓடைகளுமாய் நிலத்தைத் திருத்தி, 2015 ஜூலையில் சுவரைத் திறந்தனர். அச்சுரங்கத்தில் 2022 முதல் எலிசபெத் தடம் என்னும் ரயில் ஓடுகிறது.

செடிகளின் விதைகளைப் பெரும்பாலும் ஓதமே சுமந்து வருகிறது. முதலில் முளைப்பது சதைப்பற்றுள்ள உமரி. வேதாரணியத்து உப்புநிலங்களிலும் இதன் இனம் உண்டு. சற்றே உயர்ந்த இடங்களில் ஊதாப் பூ பூக்கும் செடிகளும் சாம்பல்நிற இலையுள்ள குறுஞ்செடிகளும் பின்னர் வருகின்றன. தண்டுகள் அலையின் வேகத்தைத் தணிக்க, வண்டல் படிகிறது. வேர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு சதுப்பு, கடலோடு சேர்ந்து தானும் உயர்ந்து, பின்னாலுள்ள சுவரைக் காக்கிறது. ஓடைகளில் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மேல்நோக்கி வளைந்த அலகுடைய கோணமூக்கு உள்ளான் இங்கே கூடுகட்டுகிறது.

ஆயினும் சுவரை உடைக்க ஒரு நாள் போதும். சதுப்பு உருவாக ஒரு தலைமுறை வேண்டும். இதே மாவட்டத்து டோல்ஸ்பரியில் 1995-இல் திறந்த நிலத்தில் உமரி விரைவாய் வந்தது. மற்றச் செடிகளோ தயங்கித் தயங்கியே வந்தன. வயலாயிருந்து இறுகிய மண்ணில் நீர் எளிதில் வடிவதில்லை. அதனால் இப்படி மீட்கப்பட்ட சதுப்புகள் பல ஆண்டுகள் சென்றும் பழைய சதுப்புக்கு முற்றும் நிகராவதில்லை. இழந்ததைத் திரும்பப் பெறுவதினும், இருப்பதைக் காப்பது எளிது.

அன்பு வாசகர்களே, கடலைத் தூர்த்து விரிந்த மும்பை போன்ற நகரங்களில் நம்மில் அநேகர் பிழைக்க வந்து வாழ்கிறோம். தானே கழிமுகத்துச் சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்களை ரயில் ஜன்னல் வழியே காணும்போது, அதைப் பாழ்நிலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்போம். வாலசீயில் பெரும் பொருட்செலவில் மீட்க முயலும் காவல், அங்கே இன்னும் உயிரோடு நிற்கிறது.