விளக்கு இருந்த இடம்

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு மாடியில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று உண்டு. பாட்டனார் கட்டிய வீடு. கீழ்க்கட்டுக்கு முதலில் சிவப்புச் சிமெண்டும் பின்னர் பளிங்கும் வந்துவிட்டன. அந்த ஓர் அறைக்கு மட்டும் இன்றும் மரப்பலகைத் தளம்தான். உத்திரங்களின்மேல் தேக்குப் பலகைகளை நெருக்கி அடுக்கி ஆணியடித்திருக்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து வண்டியில் வந்த மரம் என்று அப்பா சொல்வார். சன்னலைத் திறந்தால், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் மோதிக்கொண்ட மலைக்கோட்டை எதிரே தெரியும். அம்மா பூஜைக்குத் தேர்ந்துகொண்ட அறை அது.

வங்கிப் பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பியபோது அத்தளம் காணச் சகிக்கவில்லை. எப்போதோ பூசிய வார்னிஷ் உரிந்து, எண்ணெயும் தூசியும் கலந்து பிசுபிசுத்தது. நமஸ்காரம் செய்து எழுந்தால் நெற்றியில் கறை ஒட்டிற்று. டைல்ஸ் பதித்துவிடலாம் என்றான் மகன். பழைய உத்திரம் அவ்வளவு பாரம் தாங்காது என்று காரணம் சொன்னேன். மனம் வரவில்லை என்பதே உண்மை. புரட்டாசி மூன்றாம் சனிக்கு அக்கா வருவதாக இருந்தார். ஐப்பசி பிறந்தால் அடைமழை. ஈரக்காற்றில் பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும். எனவே ஆவணியிலேயே தேய்க்கத் தொடங்கினேன்.

ஆளை வைத்துக்கொள்ளாமல் நானே தொடங்கியதுதான் பிழை. வாடகைக்கு ஒரு சாண்டிங் மிஷின் எடுத்து வந்தேன். உப்புத்தாளுக்கு எண் உண்டு. எண் குறையக் குறையச் சொரசொரப்பு மிகும். 220ஆம் எண் பட்டுத்துணிபோலத் தடவும், 40ஆம் எண் மரத்தையே தின்னும். விரைவில் முடியுமே என்று 40ஐ மாட்டினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் அவசரத்தில் செய்த தவறுகளைக் கணக்கில் தேடிப் பிடித்தவன் நான்!

அறையின் ஈசான்ய மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாகக் கறுத்திருந்தது. அம்மாவின் குத்துவிளக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நின்ற இடம். வழிந்த எண்ணெயும் உதிர்ந்த திரிக்கரியும் மரத்துள் ஊறி இறுகியிருந்தன. எனக்கு அப்போது அது அழுக்காகத்தான் தோன்றியது. இயந்திரத்தை அதன்மேல் நிறுத்தி அழுத்தினேன். ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம் ஓரிடத்தில் நின்றால் குழி பறிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம்கூட ஆகியிராது. வட்டத்தில் பாதியைக் காணோம். அவ்விடத்தில் கிண்ணம்போல ஒரு பள்ளம்.

மறுநாள் கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்தேன். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலில் இருப்பவர். குனிந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “இதைச் சமமாக்கணும்னா சுத்திலும் மொத்தத் தரையையும் இந்த ஆழத்துக்கு இறக்கணும் ஐயா. மிச்சக் கறுப்பும் போயிடும். விட்டா இப்படியே இருக்கும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாமா என்று கேட்டேன். அடைக்கலாம், ஆனால் அந்தத் திட்டு வேறு நிறமாகத் தெரியும் என்றார். விட்டுவிடுங்கள் என்றேன்.

அதன்பின் ஒன்பது நாள் அவர் செய்த வேலையை அருகிருந்து பார்த்தேன். முதலில் துருத்திய ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே இறக்கினார். பிறகு 60, 80, 120, 220 என ஒன்றையும் தாண்டாமல் தாள்களை மாற்றினார். எப்போதும் மரத்தின் ஓட்டத்திலேயே தேய்த்தார். குறுக்கே போன கீறல் பாலிஷ் ஏறிய பிறகே பல்லிளிக்குமாம். ஒவ்வொரு தாளுக்கும் முன் தரையைச் சுத்தமாகப் பெருக்கி, பென்சிலால் கோடு கிறுக்கினார். கோடு முழுதும் மறைந்தால்தான் அடுத்த தாள்.

அத்தனை நாளும் அந்த அறையில் விளக்கேற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காற்றில் மிதக்கும் மரத்தூள் தீப்பற்றக்கூடியது. சுவாமி படங்களையும் விளக்கையும் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மூக்கை மூடும் கவசமின்றி என்னை உள்ளே விடவில்லை; சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுதியிலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். நல்லெண்ணெய் முழுதாக உலராமல் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், இது காற்றில் இறுகிவிடும் என்றார். துடைத்த துணிகளைச் சுருட்டி எறியவிடாமல் தண்ணீரில் முக்கி வெயிலில் விரித்தார். குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்குமாம். வேலைக்கு நடுவே திருக்கோவலூர் உலகளந்த பெருமாளைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே மூலவர் தாருத் திருமேனி. மரத்தாலும் சுதையாலும் ஆன மூலவர்களுக்கு நீரால் திருமஞ்சனம் செய்யாமல் தைலக்காப்பு இடும் மரபு வாசகர்கள் அறிந்ததே. “மரத்துக்கு எண்ணெய்தான் ஐயா ஆகாரம்” என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்தார். தளம் தேன் நிறத்தில் தெளிந்தது. ஈசான்ய மூலையில் மட்டும் பிறைபோல அரை வட்டக் கறுப்பு, பக்கத்தில் பள்ளம்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கு அக்கா வந்தார். கண்நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சுவரைப் பிடித்தபடி மாடியேறி, நேரே அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்து தரையில் கை வைத்தார்.

“விளக்கு இங்கேதானே இருக்கும் தம்பி? பள்ளமா இருக்கே?”

நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. கீழே மருமகள் சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி வறுக்கும் மணம் மேலே வந்தது.

“மிச்சம் எங்கே இருக்கு, காட்டு” என்றார்.

அவர் விரலைப் பிடித்துப் பிறையின் மேல் வைத்தேன். அதன் விளிம்பை இருமுறை சுற்றி வந்தார். பிறகு குத்துவிளக்கை எடுத்துவரச் சொல்லி, அதன் பாதத்தைத் தம் கையாலேயே அங்கு நகர்த்தி வைத்தார். ஒரு பக்கம் பள்ளம் அல்லவா, விளக்கு ஆடியது. சன்னலோரம் 220ஆம் எண் தாளில் ஒரு துண்டு கிடந்தது. அதை நான்காக மடித்து அடியில் செருகினேன். விளக்கு நின்றது. அக்கா திரியைத் தேடி எடுத்தார்.