மறுத்தவர் படகு

மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலை விடுமுறையிற் சென்று காண யாம் நெடுநாள் அவாவினோம். அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. எமது சுழியோடித் தராதரப் பத்திரமோ 18 மீற்றருக்கே உரியது. முதலில் அணுகிய நிலையத்தார் பத்திரத்தைக் கேட்டிலர்; கட்டணத்தையே பேசினர். பயிற்சிப் பத்திரமின்றி வகுப்பறையுள் நிற்றல் தகாதென்னும் தொழிலினராகிய எமக்கு அஃது உறுத்திற்று. எனினும் ஆசை விடவில்லை.

மற்றைய நிலையத்தை நடத்துபவர் எம்மிடம் தமிழ் கற்றவர். பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். காதுநோய், நெஞ்சுநோய் உண்டோவென வினவினார்.

"ஐயா, அங்கே தங்களைக் கொண்டு செல்லேன். அவ்வாழத்தில் காற்று விரைவில் தீரும்; அறிவும் மயங்கும்" என்றார்.

மாணாக்கர் முன் நாணினோம். ஆயினும் அவர் படகிலேயே ஏறினோம். 12 மீற்றரில், பவளப்பாறையோரம், மஞ்சள் மீன்கூட்டம் எம்மைச் சூழ்ந்தபோது அவர் விரல் எமது காற்றளவு மானியைச் சுட்டிற்று.